நூலக ஆய்வு வழிகாட்டிப் பக்கத்தின் பயனை எப்படிக் காட்டுவது?

ஹட்டன்காரி:
மலையகத்தில் ஒரு பல்கலைக்கழக லைப்ரரியில் வேலை செய்கிறேன். மலையகத் தமிழர் பற்றி ஆய்வு செய்யும் பிள்ளைகளுக்காக லிப்கைட்ஸில் (லைப்ரரிகள் சந்தா கட்டி ஆய்வு வழிகாட்டிப் பக்கங்கள் செய்யும் மென்பொருள்) ஒரு பக்கம் போட்டிருக்கிறேன். 1948 பிரஜாவுரிமைச் சட்டம், அவர்களில் யாருக்கு இலங்கை, யாருக்கு இந்தியா பிரஜாவுரிமை கொடுப்பது என்று இரு நாடுகளும் செய்த 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், தோட்டச் சம்பளம் எல்லாம் தனித்தனித் தலைப்பில். இப்போது மேலிடத்தில் "இதால என்ன பிரயோசனம், ரிப்போர்ட் குடுங்க" என்கிறார்கள். சந்தா கட்டுகிறவர்கள், கேட்கத்தான் செய்வார்கள். பார்வை எண்ணிக்கையை எடுத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் எட்டிப் பார்த்துவிட்டு உடனே போனவரும் அதில் ஒரு பார்வைதான். யாருடைய கட்டுரைக்காவது உதவியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ரமா, பண்டாரவளை:
சர்வே மட்டும் அனுப்பாதீங்க. எல்லாரும் "நல்லா இருக்கு"ன்னு போட்டுட்டுப் போயிருவாங்க. ஒரு பிள்ளையைப் பக்கத்துல உக்கார வச்சு, "1964 ஒப்பந்தப்படி எத்தனை பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை? ஆதாரத்தோட எடு"ன்னு சொல்லுங்க. நீங்க வாயே திறக்கக் கூடாது, அதுதான் கஷ்டம். 3 லட்சம்னு மட்டும் சொன்னா பாதி விடை. இந்தியாவுக்கு 5,25,000, மிச்ச ஒன்றரை லட்சம் பேர் விஷயம் 1974இல்தான் முடிவானதுங்கிறது வரைக்கும் வந்தா உங்க பக்கம் வேலை செய்யுது.

பதுளைப் பையன்:
அக்கா, நான் ஃபைனல் இயர். எங்க லைப்ரரியிலயும் இப்படி ஒண்ணு இருக்கு. திறந்ததுமே ஜேஸ்டோர் மாதிரி ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளம், அது இதுன்னு பேர் வரிசை. எதுல எது கிடைக்கும்னு ஒரு வரி இல்ல. எங்க வீடு தோட்டத்து லயத்துல (வரிசை வீடு), வெளிய வந்து நின்னாத்தான் சிக்னல். அங்க நின்னு அமத்தினா லொகின் கேக்குது. 'நூலகம்'னு ஒரு இணையத் தளம் (noolaham.org) இருக்கே, அதுல லொகின் இல்ல, பழைய மலையகப் பத்திரிகை, சஞ்சிகை எல்லாம் சும்மா வாசிக்கலாம். அத மேல போடுங்க.

ஹட்டன்காரி:
ரமா அக்கா, நீங்க சொன்னபடி ஒரு மூன்றாம் வருஷப் பிள்ளையை உட்கார வைத்தேன். 'தரவுத்தளங்கள்' என்ற தலைப்பு பக்கமே போகவில்லை. நேரே கூகுளுக்குப் போய், யாரோ எழுதிய வலைப்பூவில் 3 லட்சத்தோடு நின்றுவிட்டாள். ஒப்பந்தத்துக்கு நான் தனிப் பக்கம் போட்டிருப்பது அவள் கண்ணில் படவே இல்லை. தம்பி, நூலகம் இணைப்பை இன்றைக்கே மேலே ஏற்றிவிட்டேன்.

ரமா, பண்டாரவளை:
அந்தப் பாடத்து விரிவுரையாளரைப் பிடிச்சு, அசைன்மென்ட் தாள்லயே அந்த ஒரு பக்கத்து லிங்கைப் போடச் சொல்லுங்க. அப்புறம் போன வருஷக் கட்டுரைகளோட உசாத்துணைப் பட்டியலையும் இந்த வருஷத்ததையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, உங்க பக்கத்துல இருக்கிற ஆதாரங்கள் கூடியிருக்கான்னு பாருங்க. ரிப்போர்ட்ல அத முதல்ல வச்சுட்டு, பார்வை எண்ணிக்கையைப் பின்னிணைப்புல போடுங்க.