உயிலில் இருந்தது எந்தப் புரூட்டஸ்?

ஏடெழுதி:

திருவாலவாயன் ஐயா நேற்று இட்ட ‘நன்றி கொன்றவர்கள்’ பதிவை வாசித்துவிட்டு, எரிச்சலை அடக்கிக்கொண்டு இதை எழுதுகிறேன். “சீசர் தம் உயிலில் வாரிசாகக் குறித்துவைத்த புரூட்டஸ், கி.மு. 44 மார்ச் 15 அன்று அவர் வீட்டுக்கே சென்று, கையைப் பிடித்து அழைத்துவந்து கொலைகாரர்களிடம் ஒப்படைத்தான், ஃபார்சலஸ் போரில் தனக்கு உயிர்ப்பிச்சை தந்தவருக்கு அவன் செய்த கைம்மாறு இது” என்று அதில் எழுதியிருக்கிறார். இந்த ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். கி.மு. 48இல் ஃபார்சலஸில், சீசரை எதிர்த்த ரோமத் தளபதி பாம்பேயின் பக்கம் நின்று தோற்று, மன்னிக்கப்பட்டவர் மார்க்கஸ் ஜூனியஸ் புரூட்டஸ். உயிலில் பெயர் இருந்தவரும், அன்று காலை சீசரின் வீட்டுக்குப் போனவரும் டெசிமஸ் ஜூனியஸ் புரூட்டஸ் அல்பினஸ். இந்த டெசிமஸ் சீசரை எதிர்த்து ஒருநாளும் போரிட்டதில்லை. ஆகவே அவரை மன்னிக்கவேண்டிய தேவையே எழவில்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் ஒருவர் பாவத்தை இன்னொருவர் கணக்கில் எழுதுவது வரலாறு ஆகாது.

திருவாலவாயன்:

தம்பி, உங்கள் எரிச்சலுக்கு நன்றி. உலகம் முழுவதும் புரூட்டஸ் என்று சொன்னால் ஒருவனைத்தான் அறியும். ரோம வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதியதை முழுமையாக வாசித்தீர்களா, அல்லது வேண்டிய வரியோடு நிறுத்திக்கொண்டீர்களா? தமக்கு மகன் பிறந்தால் அவனுக்குக் காப்பாளர்களாக, பின்னாளில் தம்மைக் கொன்றவர்களுள் பலரைச் சீசர் உயிலில் நியமித்திருந்தார் என்று அவர் எழுதுகிறார். அந்தப் பலருள் மார்க்கஸ் இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? உயிலில் புரூட்டஸ் இருந்தான் என்று நான் எழுதியது சரியே.

ஏடெழுதி:

நீங்கள் எழுதியது “வாரிசாக” என்று. இப்போது பேசுவது காப்பாளரைப் பற்றி. அதே சுவெட்டோனியஸ் அதே இடத்தில், இரண்டாம் நிலை வாரிசுகளுள் ஒருவராக டெசிமஸ் புரூட்டஸைப் பெயர் சொல்லிக் குறிக்கிறார். முதல் நிலை வாரிசுகள் மூவர்: சொத்தில் முக்கால் பங்கு ஆக்டேவியஸுக்கு, எஞ்சிய கால் பங்கு பினாரியஸுக்கும் பீடியஸுக்கும். இவர்கள் ஏற்க இயலாமற்போனால் அடுத்த நிலையில் உள்ளவர்களுக்கு. உயில் வாசிக்கப்பட்டபோது, கொலைகாரர்களுள் ஒருவனான டெசிமஸின் பெயர் அதில் இருந்ததைக் கேட்டு மக்கள் கொதித்தார்கள் என்று வரலாற்றாசிரியர் அப்பியனும் எழுதுகிறார். டெசிமஸ், ஐயா. டெசிமஸ்.

மூன்றாம்பிறை:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். முதலில் புரூட்டஸ் என்பது என்ன வகைப் பெயர் என்று வரையறுத்துக்கொண்டால் பாதி விவாதம் தீர்ந்துவிடும் அல்லவா? மார்க்கஸ், டெசிமஸ் என்பவை இயற்பெயர்கள், ஜூனியஸ் குலப்பெயர், புரூட்டஸ் அக்குலத்தின் ஒரு கிளைக்குரிய பெயர், அல்பினஸ் என்பது தத்தெடுத்த குடும்பத்தின் பெயர். நாம் எதை வைத்து ஒருவரைப் புரூட்டஸ் என்று அழைக்கிறோம்?

திருவாலவாயன்:

வரையறையை வகுப்பறையில் வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. இப்போது தம்பி தாமாகவே ஒப்புக்கொண்டுவிட்டார்: இரண்டாம் நிலை வாரிசு என்றால், முதல் மூவரும் விலகினால்தான் அவனுக்கு ஒரு காசு கிடைக்கும். அப்படியானால் டெசிமஸ் வாரிசே இல்லை. மேலும் அவன் தத்துப்போனவன்; தன் நாணயத்திலேயே அல்பினஸ் என்றுதான் பொறித்துக்கொண்டான். ஆகவே புரூட்டஸும் இல்லை. வாரிசும் இல்லாத, புரூட்டஸும் இல்லாத ஒருவனைத் தூக்கிக்கொண்டு என்னைத் திருத்த வந்திருக்கிறீர்கள்.

ஏடெழுதி:

தத்துப்போனால் புரூட்டஸ் இல்லை என்றால் உங்கள் மார்க்கஸும் புரூட்டஸ் இல்லை. அவரும் செர்விலியஸ் கேப்பியோ குடும்பத்துக்குத் தத்துப்போனவர்; சொற்பொழிவாளர் சிசரோ, சீசரின் தளபதி ஆண்டனிக்கு எதிரான பத்தாவது பிலிப்பிக் உரையில் செனட்டின் முன் வைத்த தீர்மானத்தில் அவரைக் குவின்டஸ் கேப்பியோ புரூட்டஸ் என்றே குறிக்கிறார். நீங்கள் சொன்ன நாணயத்தில் அல்பினஸ் என்ற பெயருக்குப் பின்னால் ‘புரூட்டஸின் மகன்’ என்றும் பொறித்திருக்கிறது; பாதி நாணயத்தை மட்டும் எங்கே வாசித்தீர்கள்? இரண்டாம் நிலை வாரிசு வாரிசே இல்லை என்றால், “வாரிசாகக் குறித்துவைத்த” என்று நேற்று எழுதியது யாரை? பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவரிடம் நான்காவது காலை எங்கே காட்டுவது?

நெய்தல்மகள்:

டெசிமஸை “ஒருவன்” என்று திருவாலவாயன் ஐயா தள்ளுவது எனக்குப் பொறுக்கவில்லை. கி.மு. 56இல் காலியாவின் (இன்றைய பிரான்ஸ்) கடலோடிகளான வெனட்டியரின் உயர்ந்த கப்பல்களை வென்றது அவருடைய தலைமையிலான படை. நீண்ட கழிகளில் கட்டிய கொக்கி அரிவாள்களால் பாய்க் கயிறுகளை அறுத்தார்கள், தோற்பாய்கள் சரிந்தன, காற்றும் நின்றுவிட, வெனட்டியரால் நகரவே முடியவில்லை. கி.மு. 49இல் மசிலியாவின் (இன்றைய மார்சேய்) கடற்போர்களிலும் அவரே வென்றார். சீசர் அவரை நம்பியதற்கும் உயிலில் எழுதியதற்கும் இந்த உழைப்புதான் காரணம் என்பது என் எண்ணம். மார்க்கஸ் சீசருக்காக எந்தக் களத்தில் வாளெடுத்தார்?

திருவாலவாயன்:

கடற்படை வரலாறு அருமை, நெய்தல்மகள் அம்மா. ஆனால் உயிலுக்கும் கொக்கி அரிவாளுக்கும் என்ன தொடர்பு? கேள்வி எளிமையானது. “நீயுமா, மகனே” என்று சீசர் கேட்டதாகச் சொல்லப்படுவது யாரை? மார்க்கஸைத்தானே? உயிலில் இல்லாதவனைப் பார்த்து மகனே என்பாரா?

ஏடெழுதி:

அந்தச் செய்தியைத் தருகிற சுவெட்டோனியஸே, முதல் குத்துக்கு ஒரு முனகலைத் தவிரச் சீசர் ஒரு சொல்லும் பேசவில்லை என்று முதலில் எழுதிவிட்டு, மார்க்கஸ் பாய்ந்து வந்தபோது கிரேக்க மொழியில் அவ்வாறு சொன்னதாகச் சிலர் எழுதியிருக்கிறார்கள் என்று ஒட்டுச் சேர்க்கிறார். அதை வைத்து உயிலை எழுதிவிட முடியாது. தாய் செர்விலியாவுக்கும் சீசருக்கும் இருந்த உறவை வைத்து மார்க்கஸ் சீசரின் மகன் என்று கிளம்பிய வதந்தியை இங்கே யாரும் இழுத்துவருமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன்: மார்க்கஸ் பிறந்ததாகக் கருதப்படும் கி.மு. 85இல் சீசருக்கு வயது பதினைந்து. வீட்டுக்குப் போய் அழைத்துவந்தவர் டெசிமஸ் என்பதில் கிரேக்க ஆசிரியர் புளூட்டார்க்குக்கும் சுவெட்டோனியஸுக்கும் கருத்து வேறுபாடே இல்லை. மனைவி கல்பூர்னியா கண்ட தீக்கனவைக் கேட்டுச் சீசர் வீட்டிலேயே தங்கிவிட முடிவு செய்திருந்தார். நல்ல கனவு வரும் நாளில் வருகிறோம் என்று செனட்டுக்குச் சொல்லியனுப்புவதா என்று கேலி செய்து, கையைப் பிடித்துப் புறப்படச் செய்தது டெசிமஸ். முந்தைய இரவு லெபிடஸ் வீட்டு விருந்தில் சீசரோடு அவர் இருந்ததை அப்பியன் எழுதுகிறார். துணைக்குத் தம் கிளாடியேட்டர்களை அருகில் நிறுத்திவைத்ததும் அவரே. இவ்வளவும் செய்தவர் ஊரார் வாயில் இல்லை; வசைச்சொல் முழுவதும் மார்க்கஸ் தலையில் விழுந்திருக்கிறது. ஷேக்ஸ்பியர் நாடகத்தில் இவருடைய பெயர் டீசியஸ் என்று மாறிப்போனதும் இந்தக் குழப்பத்துக்கு உதவியது.

திருவாலவாயன்:

உங்கள் புளூட்டார்க்கின் இலட்சணம் எனக்குத் தெரியும். கொலை நடந்தபோது ஆண்டனியை வாசலில் பேச்சுக் கொடுத்து நிறுத்திவைத்தது டெசிமஸ் என்று சீசர் வரலாற்றில் எழுதுவார். அவன் கூட்டாளி ட்ரெபோனியஸ் என்று புரூட்டஸ் வரலாற்றில் எழுதுவார். ஒரே ஆசிரியர், இரண்டு ஆட்கள். அவரே பெயரைக் குழப்பும்போது நான் குழப்பினால் மட்டும் குற்றமா? குழப்பினேன் என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை, எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன்.

ஏடெழுதி:

அந்த இடத்தில் புளூட்டார்க் பிசகினார் என்பது அவருக்கு முந்தைய சாட்சியான சிசரோவால் தெளிவாகிறது. ஆண்டனியையே விளித்து எழுதிய இரண்டாம் பிலிப்பிக்கில், உன்னை ஒதுக்கி அழைத்துச் சென்றவன் ட்ரெபோனியஸ் என்கிறார் அவர். உயிலைப் பற்றி அப்படி ஒரு முரண் எங்கே இருக்கிறது? காட்டுங்கள். காத்திருக்கிறேன்.

குறுக்குச்சால்:

இருவரும் மார்க்கஸை ஏதோ கொள்கைச் சிங்கம் போலவும் அவரைக் காப்பதா தூற்றுவதா என்பது போலவும் பேசுகிறீர்கள். சைப்ரஸின் சலாமிஸ் நகருக்கு நூற்றுக்கு 48 வட்டிக்குக் கடன் கொடுத்தவர் அவர். சிலிசியாவுக்கு ஆளுநராகப் போன சிசரோ தம் ஆணையில் நிர்ணயித்திருந்தது 12. அதற்கு முன்பே மார்க்கஸின் முகவன் ஸ்காப்டியஸ் குதிரைப்படையைக் கொண்டு அந்நகர மன்றத்தாரை மன்றத்துக்குள்ளேயே அடைத்துவைத்ததில் ஐந்து பேர் பட்டினியால் இறந்தார்கள். கந்துவட்டிக்காரருக்காக இவ்வளவு கண்ணீரா?

ஏடெழுதி:

அவருக்காக நான் ஒரு துளி கண்ணீரும் விடவில்லை. வட்டிக் கணக்கை அவர் பெயரிலேயே எழுதுங்கள். உயிலை டெசிமஸ் பெயரில் எழுதுங்கள். என் வழக்கு அவ்வளவே.

மூன்றாம்பிறை:

யாரும் என் கேள்விக்கு விடை சொல்லவில்லை. கி.மு. 509இல் ரோமின் கடைசி மன்னன் டார்க்குவினை விரட்டியதாகச் சொல்லப்படும் லூசியஸ் ஜூனியஸ் புரூட்டஸை மார்க்கஸ் தம் மூதாதை என்று கொண்டாடி, கி.மு. 54இல் நாணயத்திலும் பொறித்தார். ஆனால் அந்த லூசியஸ் சதி செய்த தம் இரு மகன்களையும் தாமே கொல்லச் செய்தவர். வாரிசு அங்கேயே முடிந்துவிட்டது என்று கிரேக்க ஆசிரியர் டயோனீசியஸும், மூன்றாவதாக ஒரு கைக்குழந்தை எஞ்சியது என்று பொசிடோனியஸும் சொல்கிறார்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் குடும்பம் ஒன்றாகிவிடுமா என்பதையே நாம் பேசவேண்டும்.

திருவாலவாயன்:

பிறகு பேசுவோம் அம்மா. இந்தத் தம்பிக்குப் பெயரொற்றுமையைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கும் தகுதி இல்லை என்பதை முதலில் நிறுவுகிறேன். பிளினி விவாதம் நினைவிருக்கிறதா? வெசூவியஸ் எரிமலை வெடித்ததைப் பற்றி வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்குக் கடிதம் எழுதியவர், முசிறியைப் பற்றி எழுதிய அதே பிளினி என்று இதே குழுவில் எழுதியது யார்? கி.பி. 79இல் அந்த வெடிப்பிலேயே இறந்துபோன மனிதர் எங்கிருந்து கடிதம் எழுதினார்?

ஏடெழுதி:

அதை எழுதியது நீங்கள். முசிறிக் கடற்கொள்ளையரைப் பற்றியும், இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயங்களை உறிஞ்சுகிறது என்பதைப் பற்றியும் எழுதியவர் மூத்த பிளினி. கடிதம் எழுதியவர் அவருடைய சகோதரி மகன் என்று திருத்தியது நான். அந்த மருமகனை மாமன் தத்தெடுத்ததும் ஓர் உயில் வழியாகத்தான். உயில்களில் உங்களுக்கு என்ன பகை என்று தெரியவில்லை.

திருவாலவாயன்:

அப்பட்டமான புளுகு. பழைய பதிவுகளைத் தோண்டி எடுத்து வருகிறேன்.

நெய்தல்மகள்:

பிளினியை விடுங்கள். டெசிமஸின் முடிவை யாராவது சொன்னீர்களா? வட இத்தாலியின் முட்டினா நகரில் ஆண்டனியின் முற்றுகையில் பல மாதம் தாக்குப்பிடித்தார், கி.மு. 43இல் முற்றுகை விலகியபின் படைகள் அவரைக் கைவிட்டுவிட்டன. தப்பியோடும்போது ஒரு காலியத் தலைவனிடம் பிடிபட்டு, ஆண்டனியின் ஆணையால் கொல்லப்பட்டார். மறு ஆண்டு கான்சலாக வேண்டியவர். மார்க்கஸுக்கு ஃபிலிப்பி என்ற ஊரின் போர்க்களமும் பெருமையும் கிடைத்தன. இவருக்கு அதுவும் இல்லை.

குறுக்குச்சால்:

சீசரைக் காட்டிக்கொடுத்தவருக்காக நீங்கள் அழுகிறீர்கள், வட்டிக்காரருக்காக அவர் அழவில்லை என்கிறார். 23 குத்து வாங்கியவருக்காக யாரும் அழுவதாகத் தெரியவில்லை.

திருவாலவாயன்:

என் பதிவில் ஒரு சொல்லையும் மாற்றப்போவதில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அடுத்த வாரம் கேட்டோவைப் பற்றி எழுதுகிறேன். அதற்கும் தம்பி பூதக்கண்ணாடியோடு வரலாம்.

ஏடெழுதி:

கட்டாயம் வருவேன். கார்த்தேஜ் அழியவேண்டும் என்று ஓயாமல் சொன்ன மூத்த கேட்டோ கி.மு. 149இல் இறந்தார், கி.மு. 46இல் உட்டிகாவில் தற்கொலை செய்துகொண்டவர் அவருடைய கொள்ளுப்பேரன். இந்த இளையவருடைய மகள் போர்ஷியாவைத்தான் மார்க்கஸ் மணந்தார்; மாமன் மகள். உங்கள் கைக்கு வந்தால் கார்த்தேஜ் அழியவேண்டும் என்றவரே போர்ஷியாவுக்குத் தந்தையும் ஆகிவிடுவார் என்ற அச்சத்தில் முன்கூட்டியே எழுதிவைக்கிறேன். அதற்குமுன் உயிலுக்கு விடை வேண்டும்: வாரிசாக மார்க்கஸின் பெயரைச் சொல்லும் ஒரே ஒரு பழைய ஆசிரியர் யார்?

திருவாலவாயன்:

காப்பாளர்கள் “பலர்” என்று சுவெட்டோனியஸ் எழுதியிருக்கிறார். அந்தப் பலருள் மார்க்கஸ் இல்லை என்று சொல்லும் ஒரே ஒரு பழைய ஆசிரியர் யார்?

ஏடெழுதி:

வாரிசு, ஐயா. நீங்கள் எழுதியது வாரிசு.