பாளை வீட்டுக் குழு: பெரியப்பாவின் கேரல் வீடியோ

*வியாழக்கிழமை*

டேனி (இரவு 8:14)
[வீடியோ 0:22]
சித்தப்பா, இது அந்த அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லிதானே? ஆபீஸ் குழுவில் வந்தது. எல்லாரும் சிரிப்புப் படமாகப் போட்டுத் தள்ளுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் வீங்கி, வியர்த்து ஒழுகி, சொல்ல வேண்டிய வரி மறந்து திணறுகிறார். இது எப்போது எடுத்தது?

ஜெபா சித்தப்பா (8:31)
அவரேதான். 1977 ஜூன். சிபிஎஸ் தொலைக்காட்சிக்காக இரண்டு ஊர்க் கச்சேரிகளைப் படம் பிடித்தார்கள். 19ஆம் தேதி ஒமாஹா, 21ஆம் தேதி ராப்பிட் சிட்டி. உனக்கு வந்த துண்டு 'ஆர் யூ லோன்சம் டுநைட்'. அந்தப் பாட்டின் நடுவில் வசனம் மாதிரி ஒரு பகுதி வரும், அங்கேதான் தடுமாறினார். 26ஆம் தேதி இண்டியானாபொலிஸில் பாடியதுதான் கடைசிக் கச்சேரி. ஆகஸ்ட் 16 போய்விட்டார்.

ஜோயல் (8:33)
சின்னத் தாத்தா, அப்போது அவருக்கு என்ன வயசு?

ஜெபா சித்தப்பா (8:33)
42.

ஜோயல் (8:34)
பார்த்தால் அறுபது மாதிரி இருக்கிறார்

செல்வி அக்கா (8:40)
உடம்பு அப்படி ஆகிவிட்டது ஜோயல். ரத்தக் கொதிப்பு, கண்ணில் குளுக்கோமா, குடலில் பெரிய கோளாறு. இதற்கு மேல் வருஷக் கணக்காகத் தூக்கத்துக்கும் வலிக்கும் எடுத்த மாத்திரைகள். அந்த வீக்கத்தைப் பார்த்ததும் எந்த டாக்டருக்கும் முதலில் கேட்கத் தோன்றுவது, இந்த மனுஷனை மேடைக்கு அனுப்பியது யார் என்றுதான்.

ஜெபா சித்தப்பா (8:52)
சரியாகக் கேட்டாய் செல்வி. 1973-ல் அதுவரை பதிவான பாடல்களின் உரிமைத்தொகை மொத்தத்தையும் ஆர்சிஏ இசைத்தட்டுக் கம்பெனிக்கே 54 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார்கள். அதில் பாதி மேலாளர் கர்னல் பார்க்கருக்குப் போனது. அதற்குப் பிறகு பணம் வேண்டும் என்றால் மேடை ஏறியாக வேண்டும். 1977-ல் மட்டும் ஆறு மாதத்துக்குள் ஐம்பது கச்சேரிக்கு மேல். இறந்ததற்கு மறுநாள்கூட மெய்ன் மாநிலத்தில் அடுத்த சுற்று தொடங்க வேண்டியது.

ரூபி அத்தை (8:58)
டேனி, அந்த 22 வினாடியை வைத்து ஒரு முடிவுக்கும் வராதே. அதே ராப்பிட் சிட்டி மேடையில் 'அன்செயின்ட் மெலடி' பாடியதைக் கேள். இப்போதே கேள், அப்புறம் பேசலாம்.

ஜெபா சித்தப்பா (9:01)
ஆமாம் அக்கா! அதைத்தான் சொல்ல வந்தேன்.

ரூபி அத்தை (9:09)
தானே பியானோவில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டே பாடுவார். மைக்கை வைக்க ஸ்டாண்டு இல்லை. சார்லி ஹாட்ஜ் என்று கூட்டாளி, அவர் பக்கத்தில் நின்று மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டிருப்பார். கோயிலில் முப்பது வருஷம் ஆர்கன் வாசித்தவள் என்பதால் சொல்கிறேன். உட்கார்ந்து முன்னால் குனிந்தால் வயிறு மடங்கிவிடும், மூச்சு முழுசாக உள்ளே போகாது. கொயரில், அதாவது பாடகர் குழுவில், மேல் ஸ்தாயி வரும்போது பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்வதே அதற்குத்தான். அவர் அந்தக் கனத்த உடம்போடு, மடங்கி உட்கார்ந்தபடியே, கடைசி உச்சத்தை எட்டிப் பிடித்து நிறுத்துகிறார். நடுவில் ஒரு இடத்தில் நிமிர்ந்து சின்னப் பையன் மாதிரி சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் அழுகை வந்துவிடும் எனக்கு.

டேனி (9:26)
கேட்டேன் அத்தை. இரண்டு தடவை. இது அதே ஆள், அதே ராத்திரி என்றால் நம்ப முடியவில்லை.

ஜெபா சித்தப்பா (9:41)
அதே ராத்திரிதான். அங்கிருந்து சரியாக 56 நாள்தான் இருந்தார்.

ஒன்று சொல்கிறேன், இது எனக்கு வெகுநாளாக உறுத்துவது. சிபிஎஸ் அந்த நிகழ்ச்சியை அக்டோபர் 3 அன்று ஒளிபரப்பியது. அவர் போய் ஏழு வாரம். முடிவில் அவர் அப்பா வெர்னன் வந்து ரசிகர்களுக்கு நன்றி சொன்னார். மகனைப் புதைத்த கையோடு அந்த மனுஷன் கேமரா முன்னால் உட்கார்ந்தார். ஆனால் பியானோவில் பாடிய அந்தப் பாட்டு ஒளிபரப்பில் இல்லை! வசனம் மறந்தது இருந்தது. 'மை வே' பாட்டைக் காகிதத்தைப் பார்த்துப் பாடியது இருந்தது. 'ஹர்ட்' இருந்தது, அதை மறைக்கக் கூடாது, அதில் குரலின் பலம் முழுக்கத் தெரியும். ஆனால் பியானோப் பாட்டை எடுத்து வைத்துவிட்டார்கள்.

பிறகு அவர் வீடான கிரேஸ்லாந்து தரப்பு அந்த நிகழ்ச்சியை வீட்டில் போட்டுப் பார்க்கும் வீடியோவாக அதிகாரபூர்வமாக வெளியிடவே இல்லை. உலகம் அவரை அந்தக் கோலத்தில் பார்க்கக் கூடாது என்ற பாசம், அது எனக்குப் புரிகிறது. ஆனால் நடந்தது என்ன? கள்ளப் பிரதிகள் சுற்றின, துண்டு துண்டாக வெட்டப்பட்டது, இன்று டேனி ஆபீஸில் சிரிக்கிறார்கள். பியானோப் பாட்டு ரொம்பக் காலம் ரசிகர்கள் மட்டும் தேடிப் பார்ப்பதாக இருந்தது. 2022-ல் வந்த வாழ்க்கைப் படம் அந்தக் காட்சியோடு முடிந்த பிறகுதான் ஊர் முழுக்கத் தெரிந்தது.

செல்வி அக்கா (9:47)
அந்தப் படத்துக்கு நாங்களும் போயிருந்தோம் சித்தப்பா. முடிவில் நடிகர் போய் நிஜ எல்விஸ் வந்தபோது தியேட்டரில் ஒரு சத்தம் இல்லை.

ஜெபா சித்தப்பா (9:55)
இன்னொன்று. அந்த மேடையில் அவருக்குப் பின்னால் நின்று பாடியவர்களில் ஜே.டி. சம்னர் உண்டு. கோஸ்பல் என்கிற கிறிஸ்தவப் பக்திப் பாட்டு உலகத்தில் பேஸ், அதாவது அடிக்குரல், என்றாலே அவர்தான். எல்விஸ் மெம்ஃபிஸில் பையனாக இருந்தபோது கோஸ்பல் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கக் காசில்லாமல் நிற்பாராம், சம்னர் மேடைப் பின்வாசல் வழியாக உள்ளே விடுவாராம். கடைசியில் எல்விஸின் அடக்க ஆராதனையிலும் சம்னர் பாடினார்.

எல்விஸ் உயிரோடு இருந்தபோது தனிப் பாட்டுத் தட்டாக வந்த கடைசி சிங்கிள் 'வே டவுன்'. அது முடியும்போது சம்னர் கீழே, கீழே இறங்கி ஒரு ஸ்வரம் பிடிப்பார். உங்கள் பெரியப்பா அதைப் பிடிக்க வராண்டாவில் நின்று எத்தனை நாள் முயற்சி செய்தார் தெரியுமா? இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த காது அவருக்கு. எல்விஸ் வாங்கிய மூன்று கிராமி விருதும் பக்திப் பாடல்களுக்குத்தான் என்று சபைக் குருவான ஐயரிடமே அடித்துச் சொல்வார்.

ரூபி அத்தை (9:57)
அந்த ஸ்வரத்துக்கு ஒரு ஸ்வரம் மேலே வரைக்கும் அண்ணன் போய்விடுவார். அதற்குக் கீழே காற்றுதான் வரும்.

டேனி (10:08)
சித்தப்பா, அத்தை, செல்வி அக்கா. நான் இதை ஆரம்பித்ததற்குக் காரணம் உண்டு. பெரியம்மாவும் இந்தக் குழுவில் இருக்கிறார்கள், அவர்கள் முன்னாலேயே கேட்டுவிடுகிறேன்.

கடைசி கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனையில் பெரியப்பா பாடிய பாட்டை நான் முழுசாக எடுத்து வைத்திருக்கிறேன். நாலு நிமிஷம் பத்து வினாடி. சனிக்கிழமை நினைவு ஆராதனை முடிந்ததும் வீட்டில் போடலாமா? யாரோ அந்தச் சமயத்தில் அவர் வார்த்தை மறந்து நின்றதை மட்டும் வெட்டி வேறு குழுவில் போட்டார்கள். அதிலிருந்து பெரியம்மா அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. எனக்கு அது தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

செல்வி அக்கா (10:15)
டேனி, அம்மா இதைப் பார்த்தால் உடைந்துவிடுவாள். பார்க்கின்சன்ஸ் வந்து அப்பாவின் குரல் கடைசி வருஷம் பாதியாகக் குறைந்துவிட்டது. பேஸ் வரிசையில் நிற்கவே இருவர் பிடிக்க வேண்டியிருந்தது. மகளாக எனக்கே அதைப் பார்க்கத் தைரியம் இல்லை.

ரூபி அத்தை (10:29)
செல்வி, நான் அன்றைக்கு ஆர்கனில் இருந்தேன். இரண்டாம் சரணத்தில் அண்ணன் நின்றுவிட்டார். நான் அந்தக் கட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை, அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு அது ஒரு ஆராதனை நேரம். கொயரும் காத்திருந்தது. பிறகு மூன்றாம் சரணத்துக்கு அவராகவே உள்ளே வந்தார். பேஸ் வரியை ஒரு பிசிறு இல்லாமல் கடைசி வரைக்கும் பாடினார். வெட்டிப் போட்டவர்கள் அதைப் போடவில்லையே.

ஜெபா சித்தப்பா (10:34)
மதினி, நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். அதற்கு மேல் பேச்சில்லை. ஆனால் என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்தால் அந்த 20 வினாடிதான் ஊருக்கு அண்ணனின் கடைசிப் பாட்டாக நிற்கும். முழுசாகப் போட்டால் மூன்றாம் சரணம் நிற்கும். போடுவதானால் ஒரு வினாடிகூட வெட்டாமல் போட வேண்டும். மறந்து நின்றதும் அவர்தான், திரும்ப வந்ததும் அவர்தான்.

ஜோயல் (10:36)
நான் அன்றைக்குப் பரீட்சை என்று வரவில்லை. தாத்தா பாடியதை நான் கேட்டதே இல்லை ஆச்சி

பெரியம்மா (10:58)
டேனி, எனக்கு மட்டும் தனியாக அனுப்பு. இப்போது யாரும் போன் பண்ண வேண்டாம்.

டேனி (10:59)
அனுப்பிவிட்டேன் பெரியம்மா.

*வெள்ளிக்கிழமை*

பெரியம்மா (காலை 5:42)
ராத்திரி பார்த்தேன். விடிந்து எழுந்து திரும்பவும் பார்த்தேன்.

ரூபி, நீ ஆர்கனைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம் 19 வினாடி. எண்ணினேன். அந்த நேரம் அவர் உன் பக்கம் பார்க்கவில்லை, கொயர் மாஸ்டரையும் பார்க்கவில்லை. பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் நான் உட்காரும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அன்றைக்குத் தலையைக் குனிந்து ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன். இதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

ரூபி அத்தை (5:50)
மதினி

செல்வி அக்கா (5:53)
அம்மா, நான் இன்றைக்கே கிளம்பி வருகிறேன்.

பெரியம்மா (6:10)
வா. ஜோயலையும் கூட்டி வா, பள்ளிக்கூடத்துக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

சனிக்கிழமை ஐயர் ஜெபம் பண்ணிக் கிளம்பினதும் சாப்பாட்டுக்கு முன்னால் போடு டேனி. தம்பி சொன்ன மாதிரி ஒரு வினாடியும் வெட்ட வேண்டாம். பிறகு ஜெபா, உங்கள் வீட்டுப் பெரிய ஸ்பீக்கர் இரண்டையும் ஆட்டோவில் ஏற்றி அனுப்புங்கள். இந்த டிவியில் பேஸ் கேட்காது.

ஜெபா சித்தப்பா (6:12)
நானே கொண்டு வருகிறேன் மதினி. வயரும் என்னிடம் இருக்கிறது.