புதுப்பிப்பு: குன்னூரிலிருந்து அம்மாவோடு ஓமன்

குன்னூர்க் குளிரிலேயே இருந்த அம்மா ஐப்பசி தொடக்கத்தில் ஓமன் வெயிலைத் தாங்குவாரா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போய் வந்துவிட்டோம்.

கைகொடுத்தது, பயணத்தை நவம்பர் பின்பாதிக்குத் தள்ளச் சொல்லி இங்கே பதில் போட்ட அண்ணாவின் யோசனைதான். அக்டோபரில் மஸ்கட் பகல் 35 டிகிரியைத் தொடும். நாங்கள் போனபோது 30-ஐ ஒட்டித்தான் இருந்தது. ஆனாலும் கடலோரப் புழுக்கம் இருக்கிறது, அதனால் முத்ரா கடைவீதிக்கு மாலையில் போனோம். சுல்தான் காபூஸ் பெரிய மசூதியில் மற்ற மதத்தவருக்குக் காலை 8 முதல் 11 வரைதான் அனுமதி, வெள்ளிக்கிழமை கிடையாது. பெண்கள் தலையும் கையும் காலும் மூடியிருக்க வேண்டும். அம்மாவுக்குச் சுடிதார், துப்பட்டா போதுமாக இருந்தது.

ஓமனின் ஜபல் அக்தர் மலைக்குப் போகச் சொன்ன அக்காவுக்குத் தனி நன்றி. சுமார் 2,000 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட நம்ம ஊட்டிதான். சாதாரண கார் எடுத்துப் போகாதீர்கள். மலையடிவாரத்து பிர்கத் அல் மவ்ஸ் சோதனைச் சாவடியில் ஃபோர் வீல் டிரைவ் (நான்கு சக்கரத்தையும் எஞ்சின் இயக்கும்) வண்டிகளை மட்டுமே மேலே விடுகிறார்கள். மாலைக் குளிரில் அம்மா ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, "இதுக்கு வீட்லயே இருந்திருக்கலாமே" என்றார்!

எதிர்பாராத சிக்கல் நம் பக்கம்தான். வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து, கோத்தகிரி வழியாக இறங்கினோம். விமானம் கொச்சியில். நவம்பரில் கிளம்புபவர்கள் முந்தின நாளே மலையிறங்கிவிடுங்கள்.