லீஷ்மேனியா: வெள்ளிக்கிழமை அலை தலைகீழ், திங்கட்கிழமை அலை சரி ஆனால் மெதுவு. டைனீன் திசை மாறுமா?

கரம்பன்காற்று (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு ஆய்வுகூடத்தில் முதுமாணி ஆய்வு செய்கிறேன். லீஷ்மேனியா டொனோவானி என்ற ஒற்றைக் கல ஒட்டுண்ணி எப்படி நீந்துகிறது என்பதுதான் என் தலைப்பு. வன்னியில் வயல் செய்கிற என் சித்தப்பாவின் முழங்கையில் ஒரு பரு வந்து ஆறு மாதம் ஆறாமல் கிடந்தது. நோவும் இல்லை, அரிப்பும் இல்லை, அதனாலேயே அவர் வைத்தியரிடம் போகவில்லை. மணல் ஈ கொண்டுவந்த ஒட்டுண்ணி என்று பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து என் மனம் இந்த ஒற்றைக் கலத்தை விட்டு அசையவில்லை.

சிக்கல் இதுதான். வெள்ளிக்கிழமை பின்னேரம், கலங்களை வளர்க்கிற பிளாஸ்க்கிலிருந்து ஒரு துளி எடுத்து, நுணுக்குக்காட்டியில் 40 மடங்குப் பொருள்வில்லையில் வைத்து, கைத்தொலைபேசியைப் பார்வைத்துண்டில் பொருத்தி வீடியோ எடுக்கிறேன். கலங்கள் நன்றாக ஓடுகின்றன. ஆனால் வீடியோவில் அலை சவுக்குமுளையின் (கலத்திலிருந்து வால்போல் நீண்டு அடிக்கிற இழை) அடியில் தொடங்கி நுனிக்குப் போகிறது. நான் படித்தது நேர்மாறு: லீஷ்மேனியா முன்னே நீந்தும்போது அலை நுனியில் தொடங்கி அடிக்கு வர வேண்டும்.

திங்கட்கிழமை காலை அதே பிளாஸ்க்கைப் பார்த்தால் அலை படித்தபடியே நுனியிலிருந்து அடிக்கு வருகிறது, ஆனால் மிக மெதுவாக. பாதிக்கு மேற்பட்ட கலங்கள் உருண்டுபோய் நிற்கின்றன. மூன்று வாரமாக இதே கதை.

சீரம் மாற்றிப் பார்த்தேன். வளர்ப்பு ஊடகம் புதிதாகச் செய்தேன், பி.எச் 7.2. பக்டீரியா தொற்று எதுவும் தெரியவில்லை. பிளாஸ்க் வைக்கிற இன்கியுபேட்டர் 26 பாகையில் இருக்கிறது, திங்கள் காலை 9.30க்கு நான் பார்க்கும்போதும் முகப்பில் 26 தான்.

வார இறுதியில், சவுக்குமுளையை அசைக்கிற டைனீன் என்ற மோட்டார்ப் புரதம் தன் திசையையே மாற்றிக்கொள்கிறதா? மேற்பார்வையாளரிடம் கொண்டுபோக முன்னர் இங்கே கேட்கிறேன்.

தென்னோலை

தங்கச்சி, நான் படித்தவரை ஒட்டுண்ணிகளை ஓட்டுவது மயோசின் ஏ என்ற வேறொரு மோட்டார்ப் புரதம். அதன் கீழே உள்ள அக்டின் இழைகள் உடைந்தால் அசைவு மெதுவாகும். அக்டினைப் பாருங்கள்.

வைகைக்கரை

தென்னோலை அவர்களே, நீங்கள் சொல்வது வேறு குடும்பம். டாக்ஸோபிளாஸ்மா, மலேரியா ஒட்டுண்ணி போன்றவை தொற்றும் நிலையில் சவுக்குமுளை எதுவும் இல்லாமல் பரப்பின் மேல் சறுக்கிப் போகின்றன. சவ்வுக்கு அடியில் நங்கூரம் போட்டு நிற்கிற மயோசின் ஏ அக்டினை இழுக்கும், அக்டினோடு பிணைந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒட்டுப் புரதம் பின்னோக்கிப் போகும், செல் முன்னே வழுக்கும். மயோசின் ஏ இல்லாவிட்டால் டாக்ஸோபிளாஸ்மா சறுக்கவும் புகவும் திணறும் என்று 2002இல் காட்டினார்கள். அருமையான கதைதான், ஆனால் லீஷ்மேனியாவின் நீச்சலுக்கு அது பொருந்தாது.

லீஷ்மேனியாவுக்கு டைனீன். டெட்ராஹைமினா என்ற ஒற்றைச் செல் உயிரியின் பிசிர்ப் (சிலியா) புரதத்துக்கு இயன் கிப்பன்ஸ் 1965இல் சூட்டிய பெயர் அது. சவுக்குமுளைக்குள் நடுவில் 2 நுண்குழல், சுற்றிலும் 9 இரட்டைக் குழல். ஒவ்வொரு இரட்டையின் மேலும் டைனீன் வரிசையாக உட்கார்ந்து, பக்கத்து இரட்டையைக் கால் வைத்துத் தள்ளுகிறது. இரட்டைகள் அடியிலும் இடையிலும் பிணைக்கப்பட்டிருப்பதால் வழுக்க முடியாமல் வளைகின்றன. அந்த வளைவு ஓடுவதுதான் நீங்கள் பார்க்கும் அலை.

இப்போது உங்கள் கேள்வி. டைனீன் எப்போதும் குழலின் ஒரே முனையை நோக்கித்தான் நடக்கும், சவுக்குமுளையில் அது அடிப்பக்கம். அலை எந்தப் பக்கம் ஓடினாலும் இது மாறாது. எந்த டைனீன் எப்போது இழுக்கிறது, வளைவு எந்த முனையில் பிறக்கிறது என்பதுதான் மாறும். லீஷ்மேனியாவே சில நேரம் அடியிலிருந்து நுனிக்கு ஒருபக்கமாக அடிக்கும், ஆனால் அது திரும்புவதற்கு. அப்படி அடிக்கிற செல் முன்னே ஓடாது.

எனவே ஒன்று மட்டும் சொல்லுங்கள்: வெள்ளிக்கிழமை வீடியோவில் செல்கள் எந்த முனை முன்னால் வர நகர்கின்றன?

கரம்பன்காற்று

நன்றி அக்கா. இப்போது மறுபடி போட்டுப் பார்த்தேன். சவுக்குமுளை முன்னால், உடல் பின்னால். ஒரு கலம் திரையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை அப்படியே இழுபட்டுப் போகிறது. ஆனால் அலை மட்டும் உடலிலிருந்து நுனிக்கு ஓடுகிறது! இது எப்படிப் பொருந்தும்?

பனங்கூடல்

பொருந்தாது தங்கச்சி. பொருந்தாதபடியால்தான் பிழை கலத்தில் இல்லை, கமராவில் என்று சொல்கிறேன். விநாடிக்கு எத்தனை சட்டகம் எடுக்கிறீர்கள்?

கரம்பன்காற்று

30 அண்ணா. போனில் வழக்கமாக உள்ளதுதான்.

பனங்கூடல்

அதுதான். நல்ல சுகமாக உள்ள லீஷ்மேனியா விநாடிக்கு 20 தடவைக்கு மேல் அடிக்கும். கணக்குக்கு 25 என்று வையுங்கள். ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் அலை ஆறில் ஐந்து பங்கு சுற்றை முடித்துவிடும். கண்ணுக்கு அது ஆறில் ஒரு பங்கு பின்னால் போனது போலத் தெரியும். ஆக 25 தடவை முன்னே அடிப்பது திரையில் 5 தடவை பின்னே அடிப்பதாக வரும். வீட்டில் மின்விசிறியை வீடியோ எடுத்தால் இறக்கை எதிர்ப்பக்கம் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கண்கட்டு.

திங்கட்கிழமை கலங்கள் களைத்துப்போய் 15க்குக் கீழே அடிக்கின்றன. 30 சட்டகத்துக்கு அது பிடிபடும், அதனால் உண்மைத் திசை தெரிகிறது. வெள்ளிக்கிழமை கலம்தான் ஆரோக்கியமானது, அதைத்தான் நீங்கள் சந்தேகித்தீர்கள்.

போனில் மெதுவியக்கம் 240இல் எடுங்கள். சில போன்கள் குறைவாக எடுத்துவிட்டு இடைச் சட்டகங்களைத் தாமாக நிரப்பும். அது தெரிய, கணினித் திரையில் நூறில் ஒரு விநாடி காட்டும் ஓடுமணியை முதலில் படம்பிடித்துச் சட்டகம் சட்டகமாகப் பாருங்கள். வெளிச்சத்தைக் கூட்ட வேண்டி வரும். ஆனால் விளக்குச் சூட்டில் ஒரே துளியை ஐந்து நிமிடத்துக்கு மேல் வைக்க வேண்டாம், ஓரம் காய்ந்தால் கலம் கண்ணாடியில் ஒட்டிவிடும்.

வைகைக்கரை

பனங்கூடல், மிக அழகு. செல் முன்னே போகிறது, அலை தவறாகத் தெரிகிறது என்ற முரண்பாட்டிலேயே விடை இருந்திருக்கிறது.

ஆனால் திங்கட்கிழமைச் சோர்வுக்கு இது பதில் இல்லை. அப்புறம், வளர்ப்பு முதிர்ந்ததால் மட்டும் இப்படி ஆகாது. முதிர்ந்த வளர்ப்பில் மெலிந்த, சவுக்குமுளை நீண்ட, வேகமான செல்கள் பெருகும், மணல் ஈ மனிதனுக்குள் விடுவது அவற்றைத்தான். நீங்கள் சொல்வது உருண்டையானவை. உருண்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சூடு. 37 பாகையும் அமில ஊடகமும் கொடுத்தால் இந்த ஒட்டுண்ணி நம் உடலுக்குள் வந்துவிட்டோம் என்று எடுத்துக்கொண்டு, சவுக்குமுளையைச் சுருக்கி உருண்டுவிடும். 33, 34 பாகையில் முழுதாக உருமாறாவிட்டாலும் தள்ளாடும். கொஞ்ச நேரச் சூடு அடியை வேகப்படுத்தும், இரண்டு நாள் சூடு செல்லையே கெடுக்கும். இன்கியுபேட்டர் நிச்சயம் 26தானா?

குளிர்ப்பெட்டி_திருத்துநர்

பிள்ளை, எனக்கு இந்தப் பூச்சி புழு எதுவும் தெரியாது. யாழ்ப்பாணத்தில் இருபது வருடமாகக் குளிர்ப்பெட்டியும் ஏசியும் திருத்துகிறேன். ஒரு கேள்வி மட்டும். உங்கள் இன்கியுபேட்டரின் பின்னால் கொம்பிரசர் இருக்கிறதா? தொட்டுப் பாருங்கள், ஓடும்போது அதிர்வு இருக்கும்.

இல்லையென்றால் அது சூடாக்க மட்டும் தெரிந்த பெட்டி. அறை 24இல் இருந்தால் 26க்கு ஏற்றும். அறை 33 என்றால் அதனால் ஒன்றும் செய்ய இயலாது, சூட்டுக்கம்பியை நிறுத்திவிட்டுச் சும்மா நிற்கும். சனி ஞாயிறு ஏசி ஓடுகிறதா? திங்கள் காலை யார் எத்தனை மணிக்குப் போடுகிறார்கள்?

கரம்பன்காற்று

ஐயா, கொம்பிரசர் இல்லை. வெள்ளி 5 மணிக்கு ஏசியை நிறுத்துகிறார்கள். திங்கள் 7 மணிக்குத் துப்புரவு செய்கிற அம்மா வந்து போடுகிறார். நான் 9.30க்குத்தான் பார்க்கிறேன்.

எழுதும்போதே எனக்கு விளங்குகிறது.

குளிர்ப்பெட்டி_திருத்துநர்

உச்சமும் தாழ்வும் பதிகிற வெப்பமானி ஒன்றை வெள்ளிக்கிழமை உள்ளே வைத்துவிட்டுப் போங்கள். அதற்குப் பிறகு கதைப்போம்.

திருத்தம் பெரிய செலவில்லை. பழைய சின்னக் குளிர்ப்பெட்டி ஒன்று எடுத்து, அதன் வயரை வெளித் தெர்மோஸ்டாட்டில் கொடுத்து 26இல் வெட்டச் செய்யலாம். காய்ந்த சோளகக் காற்று அடிக்கிற காலத்தில் ஈர மணல் போட்ட இரட்டை மண்பானையும் நன்றாகக் குளிரும், தக்காளிக்கு நானே வைத்திருக்கிறேன். ஆனால் மாரியில் ஈரக்காற்றில் அது வேலை செய்யாது, நோய்க்கிருமிக்கு அதை நம்பவும் வேண்டாம். கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் விடுங்கள், உள்ளே தண்ணீர்ப் போத்தல் நிரப்பி வைத்தால் சூடு மெல்லத்தான் ஏறும்.

பனங்கூடல்

ஐயா சொன்னதோடு ஒன்று: என்ன அவசரம் என்றாலும் பிளாஸ்க்கை ஆய்வுகூடத்துக்கு வெளியே கொண்டுபோக வேண்டாம். இலங்கையில் இது பெரும்பாலும் தோலோடு நிற்கிறது. இதே இனம்தான் பீகாரில் மண்ணீரலை வீங்கச் செய்து உயிரை எடுக்கும் காலா அசார். ஊசிக் குத்து ஒன்று போதும். சித்தப்பாவுக்கு இப்போது எப்படி?

கரம்பன்காற்று (பத்து நாளுக்குப் பிறகு)

சித்தப்பா சுகம் அண்ணா. ஊசி போட்டு ஆறிவிட்டது, ஒரு சதம் அளவு தழும்பு மட்டும். 2008இலிருந்து இது அறிவிக்க வேண்டிய நோய் என்பதால் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்து, மணல் ஈயைத் தேடி மாட்டுத்தொழுவம், கறையான் புற்று எல்லாம் பார்த்துவிட்டுப் போனார்.

வெப்பமானி முதல் வார இறுதியில் உச்சமாக 34.1 காட்டியது. மேற்பார்வையாளரிடம் காட்டினேன். ஒரு பழைய குளிர்ப்பெட்டியில் ஐயா சொன்னபடி தெர்மோஸ்டாட் பூட்டி, இந்த வார இறுதியில் 25.4க்கும் 26.8க்கும் இடையில் நின்றது. திங்கட்கிழமை உருண்ட கலங்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

240 சட்டகத்தில் எடுத்தேன், ஓடுமணி வைத்துச் சோதித்த பிறகு. வெள்ளிக்கிழமைக் கலத்தில் ஒரு அடிக்கு 10 சட்டகம், அதாவது விநாடிக்கு 24. அலை நுனியில்தான் பிறக்கிறது. சூடு பட்ட பழைய பிளாஸ்க்கில் ஒரு அடிக்கு 30 சட்டகம், விநாடிக்கு 8 தான்.

வைகைக்கரை அக்கா, உங்களுக்காக ஒன்று. ஒரு கலம் நேராக ஓடிவந்து ஒரு தூசியில் முட்டியது. அலை ஒரு கணம் நின்றது. பிறகு அடியில் ஒரு பெரிய வளைவு எழும்பி, ஒரு பக்கமாக மட்டும் நுனிக்கு ஓடியது, இது உண்மையாகவே. அப்படி நாலு அடி. உடல் அந்த இடத்திலேயே கிடந்து மெல்லத் திரும்பியது. திரும்பி முடிந்ததும் மறுபடி நுனியில் சின்ன அலை பிறந்தது, கலம் வேறு திசையில் போய்விட்டது.