20 − 8 + 5: மகள் 7 என்கிறாள், எப்படி விளக்குவது?

ஆறாம் வகுப்பு அப்பா:
வணக்கம். நேற்று வீட்டுப்பாடத்தில் 20 − 8 + 5 என்பதற்கு மகள் 7 என்று எழுதியிருந்தாள். 17 என்று சொன்னால் ஏற்க மறுக்கிறாள். "எதை முதலில் செய்வது என்று சொல்லும் பாட்மாஸ் (BODMAS) வரிசையில் கழித்தலுக்கு முன்னால் கூட்டல்தானே இருக்கிறது? எட்டும் ஐந்தும் 13. இருபதில் 13 போனால் 7" என்கிறாள். கேட்கக் கேட்க எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கணக்கு வாத்தியார்:
ஆண்டுதோறும் என் வகுப்பில் பாதிப் பேர் இதே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். பாட்மாஸில் எழுத்துகள் ஆறு இருந்தாலும் படிகள் நான்குதான். அடைப்புக்குறி, அடுக்கு, பிறகு வகுத்தலும் பெருக்கலும் ஒரே படி, கூட்டலும் கழித்தலும் ஒரே படி. ஒரே படியில் இருப்பவற்றை இடமிருந்து வலமாகச் செய்ய வேண்டும். அமெரிக்காவில் இதையே பெம்டாஸ் என்று கற்பிக்கிறார்கள். அதில் பெருக்கல் வகுத்தலுக்கு முன்னால் நிற்கிறது. எழுத்து வரிசைதான் விதி என்றால் 24 ÷ 4 × 3 நமக்கு 18, அவர்களுக்கு 2 என்றாகிவிடும். இரண்டு ஊரிலும் 18தான்.

டியூஷன் அக்கா:
வாத்தியார் சொன்னது சரி. ஆனால் பிள்ளைக்கு இன்னொரு விதியைச் சொன்னால் அதையும் மனப்பாடம்தான் செய்வாள். காசைக் கையில் கொடுங்கள். 20 ரூபாயில் 8 ரூபாய்க்குக் கடலைமிட்டாய் வாங்கினாள், பிறகு பாட்டி 5 ரூபாய் கொடுத்தார். அவள் கணக்குப்படி பாட்டி கொடுத்த ஐந்தும் செலவாகிவிட்டது! அவள் போட்டது 20 − (8 + 5).

கூட்டலை முதலில் செய்தது உண்மையில் பிழையே இல்லை. 20 + 5 − 8 என்று மாற்றிப் போட்டாலும் 17தான். எட்டுக்கு முன்னால் இருக்கும் கழித்தல் குறி எட்டுக்கு மட்டும் உரியது. அதை ஐந்தின் தலையிலும் ஏற்றியதுதான் பிழை. ஒவ்வோர் எண்ணையும் அதன் முன்னால் உள்ள குறியோடு சேர்த்து வட்டமிடச் சொல்லுங்கள்.

ஆறாம் வகுப்பு அப்பா:
பாட்டி பணத்தில் ஒரு நொடியில் பிடித்துக்கொண்டாள். நன்றி அக்கா. இப்போது அடுத்த வழக்கு: 2 + 3 × 4 என்று தட்டினால் தாத்தாவின் கடைக் கால்குலேட்டர் 20 காட்டுகிறது, என் செல்பேசி 14 காட்டுகிறது. தாத்தாவுடையது பழுதா என்று கேட்கிறாள்.

கணக்கு வாத்தியார்:
பழுதில்லை. சாதாரணக் கடைக் கால்குலேட்டர் தட்டத் தட்டக் கணக்கை முடித்துக்கொண்டே போகும். இரண்டும் மூன்றும் ஐந்து, ஐந்நான்கு இருபது. பின்னால் பெருக்கல் வருவது அதற்குத் தெரியாது. முதலில் 3 × 4 போட்டு, அதோடு 2 கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.