புதிய பிரிவுப் பிரதிநிதிகளை உள்விசாரணைக்குத் தயார் செய்வது எப்படி?

கேள்வி – கடலூர் முதுநகர் தொழிலாளி

தோழர்களுக்கு வணக்கம். கடலூர் சிப்காட் வளாகத்தில் உள்ள ஒரு தொழிற்சாலையில் பதினொரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சென்ற ஆண்டு சங்கப் பேரவையில் என்னை எங்கள் பிரிவின் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கென்று யாரும் எனக்கு எதையும் கற்றுத் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

இரவு ஷிப்டில் தூங்கினார் என்று எங்கள் பிரிவைச் சேர்ந்த ஒருவருக்குக் குற்றச்சாட்டு மெமோ கொடுத்தார்கள். நிர்வாகமே ஆலைக்குள் நடத்தும் உள்விசாரணையில் அவருக்கு உதவியாளராக நான் உட்கார்ந்தேன். அன்று காய்ச்சலோடு வேலைக்கு வந்ததையும், உட்கார்ந்து கொள்வதாக ஷிப்ட் பொறுப்பாளரிடம் முன்பே சொல்லியிருந்ததையும் அவர் என்னிடம் கூறியிருந்தார். ஆனால் அந்தப் பொறுப்பாளர் சாட்சி சொல்ல வந்தபோது நான் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் எழுதிய விசாரணைத் தாள்களில் நாங்கள் இருவரும் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தோம். நான்கு மாதங்களுக்கு முன் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் வீட்டுக்குப் போனபோது, அவருடைய மனைவி எனக்குத் தேநீர் கொடுத்து உட்கார வைத்தாரே தவிர, ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

இப்போது ஆறு பிரிவுகளுக்கும் புதிய பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். எல்லோரும் இளைஞர்கள், ஒருவரும் விசாரணை அறையைப் பார்த்ததில்லை. அவர்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பைச் செயலாளர் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். மண்டபம் பிடித்து ஒருநாள் முழுவதும் சொற்பொழிவு நடத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எங்கிருந்து தொடங்குவது? பயிற்சி முடிந்த பிறகும் அவர்களைத் தனியாக விடாமல் இருக்க என்ன ஏற்பாடு செய்யலாம்? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

பதில் 1 – ஓய்வுபெற்ற மில் தொழிலாளி, முதலியார்பேட்டை, புதுச்சேரி

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் எங்கள் காலத்தில் இந்த வேலையை எப்படிக் கற்றோம் என்று யோசித்துப் பார்த்தேன். வகுப்பு எதுவும் நடக்கவில்லை. நிர்வாகத்தோடு பேசப் போகும்போது மூத்தவர் ஒருவர் முன்னால் உட்காருவார். என்னைப் போன்ற இளையவர் நோட்டும் பேனாவுமாக அவர் பக்கத்தில் உட்காருவார். வாய் திறக்கக் கூடாது, எழுத மட்டும் வேண்டும். வெளியே வந்ததும் தேநீர்க் கடையில் அவர் என்னைக் கேட்பார்: ‘மேனேஜர் எந்த இடத்தில் பேச்சை மாற்றினார், நான் ஏன் அப்போது பதில் சொல்லாமல் இருந்தேன்?’ இப்படி இரண்டு வருடம் உட்கார்ந்த பிறகுதான் என்னைப் பேசவிட்டார்கள்.

எனக்குக் கற்றுக் கொடுத்தவர்களுக்கு அவர்களுடைய மூத்தவர்கள் கற்றுக் கொடுத்தார்கள். 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுக் காவல் படை சுட்டதில் இந்த ஊர் மில் தொழிலாளர்கள் 12 பேர் உயிர் விட்டார்கள். மக்கள் தலைவர் வ. சுப்பையாவின் வழிகாட்டுதலில் நடந்த அந்தப் போராட்டத்துக்குப் பிறகு, 1937-இல் எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் சட்டமாயின. அந்தத் தலைமுறையிடமிருந்து கைமாறி வந்த பழக்கம் இது. 2020-இல் இங்குள்ள ஏ.எஃப்.டி. பஞ்சாலை மூடப்பட்டபோது வேலை போனதைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். மூத்தவர் பக்கத்தில் இளையவர் உட்காரும் அந்தப் பழக்கமும் அதோடு அறுந்துபோனதை யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. உங்கள் சிப்காட்டில் அதைப் புதிதாகத்தான் உண்டாக்க வேண்டியிருக்கும்.

எனவே முதலில் ஆறு பேருக்கும் ஆளுக்கொரு மூத்த தோழரைத் துணையாகப் போடுங்கள். உங்கள் ஆலையில் அப்படி ஒருவர் இல்லையென்றால் பக்கத்து ஆலைச் சங்கத்திலிருந்தோ ஓய்வுபெற்றவர்களிடமிருந்தோ கேட்டு வாங்குங்கள். எங்களைப் போன்றவர்கள் வீட்டில் சும்மாதான் இருக்கிறோம், கூப்பிட்டால் வருவோம்.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமைகளில் சங்க அலுவலகத்தில் விசாரணையை நடித்துப் பாருங்கள். ஒருவர் விசாரணை அதிகாரி, ஒருவர் நிர்வாகப் பிரதிநிதி, ஒருவர் சாட்சி, ஒருவர் குற்றம் சாட்டப்பட்ட தொழிலாளி, ஒருவர் உதவியாளர், ஆறாமவர் நடவடிக்கைக் குறிப்பு எழுதுபவர். உங்களுக்கு நடந்த அந்தத் தூக்க வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயரை மாற்றிவிடுங்கள், அவருடைய சம்மதத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஷிப்ட் பொறுப்பாளரிடம் என்னென்ன கேட்டிருக்கலாம் என்று ஒவ்வொருவரும் எழுதட்டும்: அவரை எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தீர்கள், அப்போது இயந்திரம் ஓடியதா, உங்களோடு வேறு யார் இருந்தார், உடல்நிலை சரியில்லை என்று அவர் உங்களிடம் சொன்னாரா? பாத்திரங்களை மாற்றி மாற்றி ஒரே வழக்கை மூன்று வாரம் நடத்துங்கள். நிர்வாகப் பிரதிநிதியாக ஒருமுறை நடித்தவருக்கு நம் பக்கத்து ஓட்டைகள் எல்லாம் கண்ணில் படும்.

பதில் 2 – தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர், கடலூர்

மேலே ஐயா சொன்ன முறையையே நானும் பரிந்துரைக்கிறேன். சட்டத்தின் பக்கத்திலிருந்து சில செய்திகளைச் சேர்க்கிறேன்.

ஒவ்வொரு பிரதிநிதியின் கையிலும் உங்கள் ஆலையின் நிலையாணைகள், அதாவது வேலை விதிகளின் தொகுப்பு, தமிழில் இருக்க வேண்டும். எந்தச் செயல் ஒழுங்கீனம், எந்த ஒழுங்கீனத்துக்கு என்ன தண்டனை, விசாரணையில் யார் உதவலாம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. குற்றச்சாட்டில் குறிப்பிடும் ஆவணங்களின் நகல், சாட்சிகளின் பட்டியல், விளக்கம் எழுதக் கால அவகாசம், தமிழில் விசாரணை ஆகிய கோரிக்கைகளை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்க வேண்டும். அதிகாரி மறுத்தால் அந்த மறுப்பும் நடவடிக்கைக் குறிப்பில் ஏற வேண்டும். அன்றன்றைய குறிப்பின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். படிக்க முடியாத மொழியில் இருந்தால், ‘படித்துக் காட்டப்படவில்லை’ என்று கைப்பட எழுதிய பிறகே கையெழுத்திட வேண்டும். வழக்கு பின்னால் நீதிமன்றத்துக்கு வரும்போது, விசாரணை நியாயமாக நடந்ததா என்பதை நீதிபதி முதலில் இந்தத் தாள்களைப் புரட்டித்தான் பார்ப்பார். எங்களிடம் வரும் வழக்குகள் பலவற்றின் வெற்றி தோல்வி அந்தத் தாள்களிலேயே முடிவாகியிருக்கும்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அதில் இரு தரப்புக்கும் சம எண்ணிக்கையில், மொத்தம் 10 பேருக்கு மிகாமல் உறுப்பினர்கள் இருப்பார்கள். குறை எழுந்த ஓராண்டுக்குள் விண்ணப்பிக்கலாம். குழு 30 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். இடைநீக்கத்தில் இருப்பவருக்கு முதல் 90 நாட்களுக்கு ஊதியத்தில் 50 சதவீதமும், தாமதம் அவரால் ஏற்படாதபோது அதன் பிறகு 75 சதவீதமும் பிழைப்பூதியமாகக் கிடைக்க வேண்டும். இந்த எண்களைப் பிரதிநிதி மனப்பாடமாக வைத்திருந்தால், இடைநீக்கமான அன்றே அந்தக் குடும்பத்துக்கு ஒரு தெளிவான பதில் சொல்ல முடியும்.

பிரதிநிதிக்கும் பாதுகாப்பு வேண்டும். மொத்தத் தொழிலாளர்களில் ஒரு சதவீதம் பேரை, குறைந்தது 5 பேர், அதிகபட்சம் 100 பேர் என்ற வரம்புக்குள், பாதுகாக்கப்பட்ட தொழிலாளர்களாக அங்கீகரிக்கச் சட்டம் இடம் தருகிறது. தொழில் தகராறு நிலுவையில் இருக்கும்போது உரிய அதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் அவர்களை நீக்க முடியாது. இந்தப் பட்டியலை நிர்வாகத்திடம் உரிய காலத்தில் கொடுக்காமல் விட்டுவிடும் சங்கங்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படி விடாதீர்கள்.

இன்னொன்று. வேலைநீக்கப்பட்ட உங்கள் நண்பரின் வழக்கு முடிந்துவிட்டதாக நீங்கள் நினைப்பது போலத் தெரிகிறது. அது முடியவில்லை. தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனு கொடுத்து, 45 நாட்களில் தீர்வு கிடைக்காவிட்டால் அவரே நேரடியாகத் தொழிலாளர் நீதிமன்றத்தையோ தீர்ப்பாயத்தையோ அணுகலாம். முன்பு இதற்கு மூன்றாண்டு வரம்பு இருந்தது. புதிய சட்டத்தொகுப்பில் இரண்டாண்டுதான். நாளைக் கடத்த வேண்டாம்.

பதில் 3 – பெண் பிரதிநிதி, சேதராப்பட்டு

ஐயாவும் வழக்கறிஞர் அவர்களும் விசாரணை அறையைப் பற்றி எழுதிவிட்டார்கள். அதற்கு முந்தைய கட்டத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். புதிதாகப் பொறுப்புக்கு வருபவர்கள், குறையைச் சொல்ல வருபவர் பாதி சொல்லி முடிப்பதற்குள் ‘நான் பார்த்துக்கொள்கிறேன், கவலைப்படாதீர்கள்’ என்று வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நானும் அப்படிக் கொடுத்து, நிறைவேற்ற முடியாமல், ஒரு சகோதரியின் நம்பிக்கையை இழந்திருக்கிறேன். இப்போது முழுவதும் கேட்டு, தேதி, ஷிப்ட், யார் பார்த்தார்கள் என்பதை எழுதி, எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டுகிறேன். அவர்களுடைய சம்மதம் இல்லாமல் அதைச் செயலாளரிடம்கூடச் சொல்வதில்லை. பெண்கள் கழிப்பறைக்குச் செல்லும் நேரத்தை மேற்பார்வையாளர் குறித்து வைக்கிறார் என்ற குறை எங்கள் பிரிவில் பல மாதங்களாக இருந்தது; ஆண் பிரதிநிதியிடம் ஒருவரும் அதைச் சொன்னதில்லை. உங்கள் ஆறு பேரில் பெண்கள் இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் பயிற்சி தொடங்குவதற்கு முன் அதைச் சரி செய்யுங்கள்.

பயிற்சிக்கு வருவதால் பிரதிநிதிக்கு இழப்பாகும் ஒருநாள் சம்பளத்தைச் சங்க நிதியிலிருந்து கொடுங்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களையும் பயிற்சிக்குக் கூப்பிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஆறு பேரும் ஆண்கள்தான். பெண் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கப் பேக்கிங் பிரிவில் மறுபடியும் கூட்டம் போடச் சொல்லிச் செயலாளரிடம் இன்று பேசினேன், ஒப்புக்கொண்டார். மில் தொழிலாளி ஐயா அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடலூர் வர முடியுமா? பேருந்து நிலையத்துக்கு நானே வந்து அழைத்துச் செல்கிறேன். வேலை இழந்த நண்பரிடம் வழக்கறிஞர் அவர்களின் பதிலைப் படித்துக் காட்டினேன். விசாரணைத் தாள்களின் நகல் கேட்டு இருவருமாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். திங்கட்கிழமை காலை கொடுத்து, ஒப்பம் வாங்கிக்கொண்டு, சமரச அதிகாரி அலுவலகத்துக்கும் போகிறோம்.