முடக்குவாதத்துக்குக் கொலாஜன்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். பட்டர்வொர்த்தில் இருக்கும் என் அக்காவுக்கு முடக்குவாதம், அதாவது உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களே மூட்டுகளைத் தாக்கும் நோய். காலையில் விரல்கள் மடங்காது; மைலோ டின் மூடியைக்கூட மகன்தான் திறந்து தர வேண்டும். அந்தத் தாக்குதலை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரம் ஒருமுறை எடுக்கிறார். இப்போது தெரிந்தவர் ஒருவர் கொலாஜன் தூளைக் கொடுத்து, "இனி மருந்தே வேண்டாம்" என்கிறார்.

தேடிப் படித்தேன். யோசனை பொய்யில்லை. சாப்பிடும் புரதத்தைத் தாக்காமல் இருக்க நோய் எதிர்ப்பு அணுக்களைக் குடல் பழக்குகிறது. மூட்டில் உள்ள கொலாஜன் என்ற புரதத்தையே வாய்வழி கொடுத்தால் அந்த அணுக்கள் மூட்டையும் விட்டுவிடுமா என்று பார்த்தார்கள். 1993இல் பாஸ்டனில் 60 நோயாளிகளிடம் நடந்த சோதனையில் பலன் தெரிந்தது. பிறகு வந்த சோதனைகளில் அவ்வளவு தெளிவாக இல்லை. அப்புறம், பாஸ்டனில் கொடுத்தது கோழிக் குருத்தெலும்பின் இரண்டாம் வகைக் கொலாஜன், நாளுக்கு ஒரு மில்லிகிராம்கூடக் கிடையாது. அக்கா கரண்டி கரண்டியாகக் கலக்கிக் குடிப்பது சரும அழகுக்கு விற்கும் மீன் கொலாஜன்!

யாராவது இதைப் பற்றி உங்கள் மூட்டுவாத நிபுணரிடம் கேட்டிருக்கிறீர்களா? பினாங்கில் தமிழில் பொறுமையாக விளக்கும் நிபுணர் இருந்தால் சொல்லுங்கள். நான் சொன்னால் அக்கா கேட்கமாட்டார். மருந்தைத் திடீரென நிறுத்தி அவதிப்பட்டவர்கள் இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை பேசுவீர்களா? அடுத்த மாத்திரை ஞாயிற்றுக்கிழமை, அதற்குள் உதவினால் நல்லது.